மில் ஓடும்போது சொன்னது

ஒரே ஒரு ஊர், அந்த ஊருக்குள்ளே ஒரே ஒரு தெரு, அந்தத் தெருவுக்கென்று ஒரே ஒரு சத்தம் இருந்தது. சத்தம் காலை பத்து மணிக்குப் பிறக்கும், ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும், மூன்று மணிக்குத் திரும்பி வரும், ஆறு மணிக்குச் சாகும். முப்பத்தேழு வருஷம் அப்படியே பிறந்து பிறந்து செத்ததால், அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகள் முதல் பேச்சையே கத்திப் பேசின. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்களைப் பார்த்து, "நீ மில்லுத் தெருவா?" என்று கேட்டார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டில்கூட அங்கே யாருக்கும் மெதுவாக அழத் தெரியாது.

சத்தத்துக்குச் சொந்தக்காரர் ஆவுடையப்பன். தென்காசிக்குக் கிழக்கே அவருடைய மாவு மில் ஒன்றுதான் அந்தப் பக்கத்துக்கே மில். ஜனங்கள் கோதுமையும் கேழ்வரகும் கொண்டுவந்து, தூக்குச்சட்டியையோ டப்பாவையோ வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆள் நிற்க வேண்டாம், பாத்திரம் நிற்கும், பாத்திரத்தை யாரும் தள்ளி வைத்ததில்லை. அவரும் அவர் மனைவி உலகம்மையும் அரைத்து வைப்பார்கள். மில் தொடங்கி ஐந்தாவது வருஷத்திலேயே ஆவுடையப்பனுக்குக் காது போய்விட்டது. அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சத்தத்துக்குள் காது உள்ளவனுக்கும் கேட்காது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே ரவையா மாவா, ஒரு தடவையா ரெண்டு தடவையா என்று சொல்லிவிடுவார். உதடு புரியாத இடத்தில் தலையை ஆட்டிவிடுவார். அந்தத் தலையாட்டு ஊருக்கே தெரிந்தது.

அவரால் படிக்க முடியாத வாய் ஒன்றே ஒன்றுதான், அது உலகம்மையின் வாய். அவளுக்கு மாவுத் தூசி ஒத்துக்கொள்ளாது, இழுப்பு வரும்; அதனால் மில்லுக்குள் காலை வைத்த நிமிஷத்திலிருந்து முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். முந்தானை அசைவதைப் பார்த்தால் பேசுகிறாள் என்று அவருக்குத் தெரியும். தலையாட்டுவார்.

மில் தொடங்கி இருபதாவது வருஷம், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், மிசின் ஓடிக்கொண்டிருக்கும்போது உலகம்மை தானியம் கொட்டுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அசைந்தது. அவர் தலையாட்டினார். அவள் உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வரிசையில் நின்ற பாத்திரங்களைச் சுற்றிக்கொண்டு, புளியங்குடி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அவர் புளியங்குடியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனார். அவள் வாயை மூடாமல் நேருக்கு நேராக நின்று, "அன்னைக்கே கேட்டேன்லா, நீங்கதான் பதில் சொல்லிட்டியளே" என்றாள். அந்த உதட்டை அவர் நன்றாகப் படித்தார். என்ன கேட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், இருபது வருஷமாக எதுவுமே கேட்கவில்லை என்று ஆகிவிடும். அதற்கும் ஒரு தலையாட்டை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். தெருவில் விசாரித்தவர்களிடம், "கேட்டுட்டுத்தான் போனா" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு உலகம்மை அண்ணன் வீட்டிலேயே செத்துப்போனாள். ஆவுடையப்பன் இன்னும் பல வருஷம் தனியாக அரைத்தார். ஒரு நாள் முழங்கால் முடியாமல் ஸ்விட்சை அணைத்தார், அது அணைந்தபடியே இருந்தது.

அந்த மில்லைத்தான் எப்சிபா வாடகைக்கு எடுத்தாள். பாளையங்கோட்டைக்காரி, குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைகிறவள். அவள் குரல் அவளுக்குள்ளேயே பாதி தங்கிவிடும். பஸ்ஸில் நிறுத்தச் சொன்னால் கண்டக்டருக்குக் கேட்காது. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருவாள். மில்லுக்கு வெள்ளையடித்து, ஜன்னல் வைத்து, நாலு மேஜை போட்டு, படம் வரைகிறவர்களும் எழுதுகிறவர்களும் வந்து உட்கார்ந்து வேலை பார்க்கிற இடமாக அதை மாற்றினாள். மிசினை மட்டும் அசைக்க முடியவில்லை, அது தரையோடு வளர்ந்திருந்தது. அதைச் சுற்றி மேஜைகளைப் போட்டாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற மைதீன் ஒரு மேஜைக்கு வந்தான், மற்ற மூன்று மேஜைகளுக்கும் யார் யாரோ வந்தார்கள். வெளியே ஒரு அழகான பெயர்ப்பலகை மாட்டினாள். தெரு அதை மில் என்றே சொன்னது.

இருபது நாள் ஒரு சத்தமும் இல்லை. இருபத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு, மிசினின் பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "அண்ணாச்சி, கேவுரு ரெண்டு படி, நைஸா வேணும்" என்றது.

மைதீன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான். "எக்கா, யாரோ கேவுரு அரைக்க வந்திருக்காங்க."

"இங்க இப்ப அரைக்கது இல்லன்னு சொல்லு" என்றாள் எப்சிபா, நீலத்தில் பச்சையைக் கலந்துகொண்டே.

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். சுவர் காதில் வாங்காமல், புளியம்பழம் இந்த வருஷம் ஒன்றும் இல்லை, புருஷனுக்குக் காய்ச்சல், கிழக்கு வீட்டுக்காரி ஆட்டைப் பிடித்துக் கட்டவே மாட்டேன் என்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போனது. ஒரு மணிக்கு நின்றது, மூன்று மணிக்குத் தொடங்கியது, ஆறு மணிக்கு ஓய்ந்தது. மில்லின் சத்தத்துக்குள் யார் யார் என்னென்ன சொல்லி யாருக்கும் கேட்காமல் போனதோ, அதெல்லாம் சத்தம் போன பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கியிருந்தது.

கணக்கைக் கண்டுபிடித்தது எதிர்வீட்டுச் சொர்ணம். நேற்றைக்கு அவளுடைய பழைய குரல், தங்கச்சிக்கு வலி எடுத்துவிட்டது என்று சொன்னது. இன்றைக்கு அதே குரல், பிள்ளைக்கு முப்பது கழித்தாயிற்று என்றது. "அப்ப இங்க ஒரு நாள்னா மில்லுல ஒரு மாசம்" என்று அவள் தெரு முழுக்கச் சொன்னாள். மறுநாள் காலையில் கதவைத் திறக்க வந்த எப்சிபா வாசலில் பதினேழு பாத்திரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டாள். தூக்குச்சட்டி, பால் டப்பா, ஒரு பிரஷர் குக்கர். எல்லாம் காலியாக இருந்தன. தன் மாசம் வருகிற நாளுக்கு இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தெரு அதை அப்படியே பழக்கமாக்கிக்கொண்டது. காலையில் வேலைகளை முடித்துக்கொண்டு வந்து, மேஜைகளுக்கு இடையில் தரையில் உட்கார்ந்து, தங்கள் இளமைக் குரல்களுக்காகக் காத்திருந்தார்கள். செத்துப்போன அம்மா ரவையைப் பற்றிப் பேசுவதைக் கேட்க மதுரையிலிருந்து ஒருவன் லீவு போட்டுவிட்டு வந்தான். தேங்காய்க் கடை இருளப்பன் தன் இருபத்திரண்டு வயசுக் குரலில், "சொர்ணம், உன்னைக் கெட்டிக்கிடட்டுமா?" என்று கேட்டது ஒரு புதன்கிழமை எல்லோருக்கும் கேட்டது. அதற்குச் சொர்ணத்தின் பத்தொன்பது வயசுக் குரல், "ரெண்டு தடவ அரைங்க அண்ணாச்சி, சும்மா ஒரு தடவ போட்டா கட்டியா இருக்கு" என்றது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "ஏ இருளப்பா, அதான் கோவிச்சுக்கிட்டுக் கடையநல்லூர்ல பொண்ணு எடுத்தியோ!" என்று சொர்ணம் தெருவிலிருந்தே தேங்காய்க் கடையைப் பார்த்துக் கத்தினாள். மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான்காவது நாள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தேங்காயை வேறு கடையில் வாங்கினாள்.

அப்படித்தான் மெல்ல மெல்ல மாறியது. அண்ணனைப் பற்றித் தம்பி சொன்னது வந்தது, மாமியாரைப் பற்றி மருமகள் சொன்னது வந்தது, செத்த பிள்ளையைப் பற்றி யாரோ சொன்ன ஒரு சொல் வந்து, அந்தப் பிள்ளையின் தாய் எழுந்து போனவள் பிறகு வரவேயில்லை. பாத்திரங்கள் குறைந்தன. இனி வரப்போகிற வருஷங்களில் தாங்கள் என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்று அவரவருக்குத் தெரியும். கத்திப் பேசிய தெரு ஒருவருக்கொருவர் மெதுவாகப் பேசத் தொடங்கியது, அதற்குப் பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டது. எப்சிபாவின் மேஜைக்காரர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மைதீன் மட்டும் மிஞ்சினான்.

பாத்திரமே கொண்டுவராமல் தினமும் வந்தவர் ஆவுடையப்பன் ஒருவர்தான். தெருவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களில் அவர் தெருவின் முகங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் எல்லா முகங்களும் திரும்பி அவரைப் பார்த்தன. அவருக்கு விளங்கிவிட்டது.

"உலகம்மையா?" என்று கேட்டார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஒரு உதட்டையும் அவரால் படிக்க முடியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த எப்சிபா, பேசுவதற்குக் கூச்சப்பட்டு, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அவர் அவளையே பார்த்தார். "நேத்து வச்ச குழம்பு உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு, சுவரைப் பார்த்து, தலையாட்டினார்.

அன்று முதல் எப்சிபாவின் மேஜைக்கு எதிரே அவருக்கு ஒரு நாற்காலி. போனில்கூட "சத்தமாப் பேசும்மா" என்றுதான் எல்லோரும் அவளிடம் சொல்வார்கள். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்ட முதல் ஆள் அந்தச் செவிட்டுப் பெரியவர். உலகம்மையின் குரல் சுவரிலிருந்து வரும், எப்சிபாவின் உதட்டில் அசையும், ஆவுடையப்பனின் தலை ஆடும். தலைவலிக்கிறது என்று வரும், ஆடும். இந்த மாசமும் தள்ளிப்போய் வந்துவிட்டது, இனிமேல் நமக்குப் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று வரும், அதற்கும் ஆடும். ஆடிய பிறகுதான் சொல் உள்ளே போய்ச் சேரும், சேர்ந்த பிறகு வெகுநேரம் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வீட்டுல இவ்வளவு பேசுவாங்களா?" என்று ஒரு நாள் எப்சிபா உதட்டால் கேட்டாள்.

"வீட்டுல பேசவே மாட்டா, பிள்ள. சாப்பிட வாங்க, வெந்நி ஆறுது, அவ்வளவுதான்." அவர் மிசினைப் பார்த்தார். "எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் இங்க பேசியிருக்கா."

சித்திரை முடிகிற சமயத்தில் தெரு ஒன்றாகக் கூடி வந்தது. மோட்டாரைப் போட்டு ஓடவிட்டால் பேச்சு பழையபடி சத்தத்துக்குள் போய்விடும் அல்லவா என்று கேட்டார்கள். மைதீன் புது பெல்ட் மாட்டி இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்தான். குரல்கள் அமுங்கின. அணைத்த பிறகு, அந்த இரண்டு நிமிஷத்தில் வர வேண்டியிருந்த பேச்சு திரும்ப வரவேயில்லை, அதற்கு அடுத்ததுதான் வந்தது.

"அப்பாடா" என்றாள் சொர்ணம். "தினமும் ஓடட்டும். நாங்க பழையபடி கத்திக்கிட்டுக் கெடப்போம்."

எப்சிபா வேண்டாம் என்று சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். பிறகு சாக்பீஸை எடுத்து, ஆவுடையப்பன் அவளிடம் சொல்லியிருந்த நாளைக் குறித்து, கதவில் பெரிதாக, 'இருபதாவது வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் வரைக்கும் விடுங்கள், அதற்குப் பிறகு ஓட்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதினாள்.

தெரு படித்தது. அந்த மறுநாள் எந்த நாள் என்று எல்லோருக்கும் தெரியும். உலகம்மை ஏன் போனாள் என்று பத்தொன்பது வருஷமாக ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். சரி என்று கலைந்து போனார்கள்.

அந்த நாள் வந்தபோது வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் பாத்திரங்கள் நின்றன. உள்ளே மூச்சுவிட இடமில்லை. ஆவுடையப்பன் துவைத்த வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்சிபா எழுந்து, தயவுசெய்து எல்லோரும் வெளியே இருங்கள் என்று சொன்னாள். முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்குக்கூடக் கேட்கவில்லை. ஆனால் சொர்ணம் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏ, எந்திரிங்க எல்லாரும்!" என்று பழைய மில்லுத் தெருக் குரலில் ஒரு சத்தம் போட்டாள். "புருசன் பொண்டாட்டி பேசுத இடத்துல உங்களுக்கு என்ன சோலி? ஏ இருளப்பா, உனக்குத்தான் சொல்லுதேன், கடையப் போய்ப் பாரு. நாம கேட்டதெல்லாம் போதும்!"

ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். மைதீன் கடைசியாக வெளியே போய்க் கதவைச் சாத்தினான். அறையில் ஆவுடையப்பனும் எப்சிபாவும் மிசினும் மட்டும் இருந்தார்கள்.

காலையில் யார் யாரோ வந்து கோதுமை கேட்டார்கள். சாப்பாட்டு நேரம் போயிற்று. மூன்றரை மணிக்கு, பூஜைக்குப் பொரி வாங்கியது பற்றி யாரோ பேசிப் போனதற்குப் பிறகு, உலகம்மையின் குரல் வந்தது. எப்சிபா அவருடைய கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொல் பிந்தாமல் உதட்டை அசைத்தாள்.

"நேத்து மிசினுக்குச் சந்தனம் வச்சிய, தராசுக்கு வச்சிய, சாவிக்குக்கூட வச்சிய. நான் பக்கத்துலதான் நின்னேன்."

ஆவுடையப்பன் தலையாட்டினார்.

"உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும். கேக்காம தலையாட்டுதியன்னும் தெரியும். இருபது வருசமாச்சு. நான் என்ன சொன்னாலும் சரிங்கிய."

தலையாட்டினார்.

"இன்னைக்கு ஒண்ணு கேக்கேன். நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன், போனா வரமாட்டேன். வேண்டாம்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம். தலைய மட்டும் ஆட்டாதிய. இந்த ஒரு தடவ ஆட்டாம, என்ன சொன்னேன்னு கேளுங்க. கேட்டா, இருந்துருதேன்."

எப்சிபாவின் உதடு நின்றது. குரலும் நின்றது. அவருடைய கழுத்து வழக்கப்படி கீழே போகப் புறப்பட்டதை அவள் பார்த்தாள். அவரும் அதை உணர்ந்தார். இரண்டு கையையும் தூக்கி இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார், விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய குடத்தைப் பிடிப்பதுபோல. தலை அசையவில்லை. சுவரில் ஒரு சத்தமும் இல்லை, ஒரு தலையாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். அவர் உதடு மட்டும் பிரிந்தது.

"என்ன சொன்ன?" என்று கேட்டார். "உலகம், என்ன சொன்ன?"

"சரி" என்றது சுவர். "அப்ப வாரேன்."

இதை அசைப்பதா வேண்டாமா என்று எப்சிபா ஒரு மூச்சு யோசித்தாள். இத்தனை மாசத்தில் ஒரு சொல்லையும் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அவள் அசைத்தாள். அவர் படித்தார். கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தார். சுவரில் வேறு யாரோ, உளுந்து ஒரு படி, அவசரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார், தொட்டியின் மூடியைத் தட்டினார், ஸ்விட்சைப் போட்டார். சத்தம் பிறந்து, அறையை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கியது. வெளியே யாரோ யாரையோ உரக்கக் கூப்பிட்டார்கள். கல் இடுக்கில் எத்தனையோ வருஷமாகத் தங்கியிருந்த மாவு கொஞ்சம் பறந்து, வெளிச்சத்தில் மெதுவாக இறங்கியது.

அவர் போய், தொட்டிக்குப் பக்கத்தில், உலகம்மை நின்ற இடத்தில் நின்றார். துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். துண்டு அசைந்தது. அது நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தது, இருபது வருஷத்துக்கும் அதற்குப் பிந்திய பத்தொன்பது வருஷத்துக்கும் பதில் சொல்கிற ஆளின் துண்டு அசைவதுபோல. எப்சிபாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. சொல்லி முடித்து அவர் திரும்பி அவளைப் பார்த்தபோது, மரியாதைக்காக அவள் தலை ஆடப் பார்த்தது. அவள் அதை நிறுத்திக்கொண்டாள்.

ஆவுடையப்பன் துண்டை அவிழ்த்து மாவைத் தட்டி, தோளில் போட்டுக்கொண்டு, மிசினை ஓடவிட்டுவிட்டு வெளியே வந்தார்.

"என்னவாம் அண்ணாச்சி? என்ன சொன்னாங்களாம்?" என்று வாசலில் நின்றவர்கள் கேட்டார்கள். அவர்கள் உதட்டை அவர் பார்த்தார். தலையாட்டவில்லை. கேட்டவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காலிப் பாத்திரங்களோடு தத்தம் வீட்டுக்குள் போனார்கள். சொர்ணமும் போனாள், மைதீனும் போனான். தெரு காலியானது. அதன் நடுவில், சத்தத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாது என்பதுபோல மெல்ல மெல்ல, ஆவுடையப்பன் நடந்து போனார்.